மூட்டையில் உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? – படிக நீர் கணக்கு



வேதியியல் வினாத்தாளில் "இந்த உப்பிலுள்ள படிக நீரின் சதவீதத்தைக் காண்க" என்று ஒரு கணக்கு வந்தால் நம்மில் பாதிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். "கணக்கு வேணாம்பா, தியரியை எழுதிட்டுப் போயிடலாம்" என்பது நம் வகுப்பில் அடிக்கடி கேட்கிற பேச்சு. உண்மையில் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான் அந்தக் கணக்கு. பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு இங்கே வந்து ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கும்போது, ஏற்கெனவே தெரிந்த விஷயமே தெரியாத விஷயம் போல மிரட்டுகிறது. பத்தாம் வகுப்பில் நாம் படித்த "நீரேறிய உப்புகள்" பாடம்தான் இது. புதிதாக ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். பாடத்தில் சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆளில்லை. ஆனால் பாடத்தில் வருகிற உப்புகள் எல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சில் தினமும் வருகிறவை. அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் டிரம் வேலை, அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்து மாணவர்கள் பலருக்கும் இதே கதைதான். ஆகவே இந்தக் கணக்கை நம்ம ஊர் உப்புகளை வைத்தே காண்போம். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கும் சிரமம் இல்லாமல் இருக்க, வாய்பாடுகளைச் சொல்லாகவே எழுதுகிறேன். நோட்டில் எழுதும்போது நீங்கள் குறியீடாக மாற்றிக்கொள்ளுங்கள்.

படிக நீர் என்றால் என்ன?

சில உப்புகள் கரைசலிலிருந்து படிகமாகும்போது தண்ணீரையும் தம்மோடு கட்டிக்கொண்டு படிகமாகின்றன. அந்தத் தண்ணீருக்குத்தான் படிக நீர் என்று பெயர். இது துணியில் இருக்கும் ஈரம் போன்றதல்ல. தொட்டால் கை நனையாது. பார்த்தால் உலர்ந்த கல் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே நீர் இருக்கிறது, அதுவும் ஓர் ஒழுங்கான எண்ணிக்கையில். மயில்துத்தத்தில் ஒரு மூலக்கூறு காப்பர் சல்பேட்டுக்கு 5 மூலக்கூறு நீர். எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் சுத்தமான படிகத்தில் இந்த 5 மாறாது.

வீட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. படிகாரக் கட்டியை இரும்புச் சட்டியில் போட்டுச் சூடு பண்ணினால் முதலில் உருகித் தண்ணீர் மாதிரி ஆகும். பிறகு நுரைத்துப் பொங்கும். கடைசியில் பொரி மாதிரி வெள்ளையாக, எடை குறைந்து நிற்கும். நாட்டு வைத்தியத்தில் இதைத்தான் படிகாரத்தைப் பொரித்தல் என்பார்கள். நாம் யாரும் சட்டியில் தண்ணீர் ஊற்றவில்லையே, அந்த ஆவி எங்கிருந்து வந்தது? படிகாரத்துக்குள்ளேயே இருந்தது!

இங்கே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாதா கல் உப்பை நெருப்பில் போட்டால் படபடவென்று வெடிக்கிறது. அதைப் பார்த்து அதிலும் படிக நீர் இருப்பதாக எழுதிவிடாதீர்கள். சாதா உப்புக்கு நம் வெப்பநிலையில் படிக நீர் கிடையாது. கல்லின் இடுக்குகளில் சிக்கிய உப்புத் தண்ணீர்தான் ஆவியாகி வெடிக்கிறது. இந்தச் சிக்கிய நீரும், மேலே ஒட்டிய ஈரமும் மழை நாளில் கூடும், வெயில் நாளில் குறையும். சுத்தமான படிகத்தின் நீருக்கோ எண்ணிக்கை உண்டு. எண்ணிக்கை இருப்பதால்தான் அதைக் கணக்குப் போட முடிகிறது.

கணக்கின் அடிப்படை

படிக நீரின் சதவீதம் = (நீரின் மொத்த எடை ÷ நீரேறிய உப்பின் மூலக்கூறு எடை) × 100

ஒரு மூலக்கூறு நீரின் எடை 18. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். நீரின் மொத்த எடைக்கு 18-ஐ நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்.

எத்தனை மூலக்கூறு நீர் என்பது பெரும்பாலும் பெயரிலேயே இருக்கிறது. மோனோ என்றால் 1, டை என்றால் 2, ட்ரை 3, டெட்ரா 4, பென்டா 5, ஹெக்சா 6, ஹெப்டா 7, டெகா 10, டோடெகா 12. அன்ஹைட்ரஸ் என்று இருந்தால் நீரற்றது. மூட்டை மேலேயும் பாட்டில் மேலேயும் இந்த ஒரு சொல்தான் முக்கியம். அதைப் படிக்காமல் உப்பின் பெயரை மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாக அர்த்தம்.

எடுத்துக்காட்டு 1: மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் பென்டாஹைட்ரேட்.

காப்பர் 63.5; சல்ஃபர் 32; ஆக்சிஜன் 4 × 16 = 64. கூட்டினால் நீரற்ற உப்பு 159.5.
நீர் 5 × 18 = 90.
நீரேறிய உப்பு 159.5 + 90 = 249.5.
நீரின் சதவீதம் = (90 ÷ 249.5) × 100 = 36.1.

எடுத்துக்காட்டு 2: கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட் டெகாஹைட்ரேட்.

சோடியம் 2 × 23 = 46; சல்ஃபர் 32; ஆக்சிஜன் 64. நீரற்ற உப்பு 142.
நீர் 10 × 18 = 180.
நீரேறிய உப்பு 322.
நீரின் சதவீதம் = (180 ÷ 322) × 100 = 55.9.

இரண்டாவது விடையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கல் மாதிரி உலர்ந்து கிடக்கிற ஒரு படிகத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்! 17-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் பிறந்த வேதியியலார் கிளாபர் இதை அற்புத உப்பு என்று அழைத்தாராம். 100 கிலோ வாங்கினால் உப்பு 44.1 கிலோ, தண்ணீர் 55.9 கிலோ. அற்புதம்தான், ஆனால் விற்கிறவருக்கு!

கீழே சில உப்புகளின் விடைகளைத் தருகிறேன். ஒவ்வொன்றையும் நீங்களே போட்டுச் சரிபாருங்கள்.

படிகாரம் (12 நீர்): 474-இல் 216, அதாவது 45.6 சதவீதம்
அன்னபேதி என்னும் ஃபெரஸ் சல்பேட் (7 நீர்): 278-இல் 126, அதாவது 45.3 சதவீதம்
எப்சம் உப்பு என்னும் மக்னீசியம் சல்பேட் (7 நீர்): 246-இல் 126, அதாவது 51.2 சதவீதம்
சலவை சோடா (10 நீர்): 286-இல் 180, அதாவது 62.9 சதவீதம்
ஆக்சாலிக் அமிலப் படிகம் (2 நீர்): 126-இல் 36, அதாவது 28.6 சதவீதம்
சோடியம் டைகுரோமேட் (2 நீர்): 298-இல் 36, அதாவது 12.1 சதவீதம்
ஜிப்சம் (2 நீர்): 172-இல் 36, அதாவது 20.9 சதவீதம்

இந்தப் பட்டியலில் தோல் தொழிலுக்குச் சொந்தக்காரர்கள் பலர். படிகாரம் போட்டுத் தோல் பதப்படுத்துவது மிகப் பழைய முறை. கடுக்காய்ச் சாறு ஏறிய தோலில் அன்னபேதி பட்டால் கறுப்பு நிறம் பிடிக்கும். எப்சம் உப்பு பட்டை பதனிட்ட கனத்த தோல்களில் சேர்க்கப்படும். குரோம் பவுடர் தயாரிப்பதற்கு மூலப்பொருள் சோடியம் டைகுரோமேட்.

ஆய்வகத்தில் செய்யும் முறை

மேலே செய்தது வாய்பாட்டை வைத்துப் போட்ட கணக்கு. ஆய்வகத்தில் தராசை வைத்து அதே விடையைக் கொண்டுவர வேண்டும். மயில்துத்தத்தை வைத்துப் பார்ப்போம்.

1. சுத்தமான புடக்குகையை நன்றாகச் சூடாக்கி, டெசிக்கேட்டரில் ஆறவைத்து எடை போடவும்.
2. தூளாக்கிய படிகத்தைப் போட்டு மறுபடி எடை போடவும்.
3. முதலில் சிறு தீயில், பிறகு மெல்லத் தீயைக் கூட்டிச் சூடாக்கவும். நீலம் மறைந்து சாம்பல் வெள்ளையாகும்.
4. டெசிக்கேட்டரில் ஆறவைத்து எடை போடவும்.
5. மறுபடி சூடாக்கி, ஆறவைத்து, எடை போடவும். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக வரும்வரை இதைத் தொடரவும்.

மாதிரி அளவீடு:

வெற்றுப் புடக்குகை 21.46 கிராம்
படிகத்தோடு 23.96 கிராம்
முதல் சூட்டுக்குப் பின் 23.12 கிராம்
இரண்டாவது சூட்டுக்குப் பின் 23.06 கிராம்
மூன்றாவது சூட்டுக்குப் பின் 23.06 கிராம்

எடுத்த படிகம் 23.96 – 21.46 = 2.50 கிராம். போன நீர் 23.96 – 23.06 = 0.90 கிராம். சதவீதம் = (0.90 ÷ 2.50) × 100 = 36.0. வாய்பாட்டுக் கணக்கு 36.1. நல்ல ஒற்றுமை!

ஐந்தாவது படியை யாரும் சோம்பேறித்தனமாக விட்டுவிடக் கூடாது. முதல் சூட்டோடு நிறுத்தியிருந்தால் போன நீர் 0.84 கிராம்தான், விடை 33.6 என்று தவறாக வந்திருக்கும். மயில்துத்தத்தின் 5 நீரும் ஒரே நேரத்தில் போவதில்லை. முதல் 4 சுமார் 110 டிகிரிக்குள் போய்விடும்; கடைசி ஒன்று மட்டும் 200 டிகிரி அளவுக்குப் போனால்தான் விடும். 4 மட்டும் போயிருந்தால் விடை 28.9 ஆக இருக்கும். ஆகவே உங்கள் விடை 29-க்குப் பக்கத்தில் வந்தால் தராசைத் திட்டாதீர்கள், தீ போதவில்லை என்று அர்த்தம்.

தீ அதிகமானாலும் ஆபத்து. செஞ்சூட்டில் வாட்டினால் உப்பே சிதைந்து கறுப்பு காப்பர் ஆக்சைடு ஆகிவிடும். அப்போது நீரோடு கந்தக வாயுவும் வெளியே போவதால் எடை அதிகம் குறையும், விடை 36-ஐத் தாண்டும். எனவே புடக்குகைக்குள் கறுப்புத் தெரிந்தால் அந்த அளவீட்டைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. சூடாக இருக்கும்போது எடை போட்டால் மேலெழும் காற்றால் எடை குறைத்துக் காட்டும். மேஜை மேல் திறந்து வைத்து ஆறவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தை மறுபடி குடித்துவிடும். டெசிக்கேட்டர் எதற்கு என்று இப்போது புரிகிறது அல்லவா?

எல்லா உப்புக்கும் இந்த முறை பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். அன்னபேதியைப் பலமாகச் சுட்டால் சிதைந்து செந்நிறத் தூளாகிவிடும். டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய விஷப்பொருள், நாமாக எடுத்துச் சூடாக்கிப் பார்க்கவே கூடாது.

நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கை தெரியாவிட்டால்?

அதையும் இதே அளவீட்டிலிருந்து காணலாம். மிஞ்சிய நீரற்ற உப்பு 2.50 – 0.90 = 1.60 கிராம். 1.60 ÷ 159.5 = 0.0100. நீர் 0.90 ÷ 18 = 0.050. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 5. ஆக, 5 மூலக்கூறு நீர். இதுதான் பத்து மதிப்பெண் கேள்வியாக வருவது. இரண்டு வகுத்தல் சேர்ந்ததே தவிர வேறொன்றும் இல்லை.

டிரம் பக்கத்தில் இந்தக் கணக்கு

இனி, படிப்பு முடித்து நாம் போகப்போகிற இடத்துக்கு வருவோம். தோல் தொழிலில் எல்லாமே தோலின் எடைக்கு இத்தனை சதவீதம் என்ற கணக்கில்தான் ஓடுகிறது. ரெசிபித் தாளில் "சோடியம் சல்பேட் 5 சதவீதம்" என்று இருக்கும். எந்த சோடியம் சல்பேட்? நீரற்றதா, டெகாஹைட்ரேட்டா? பல தாள்களில் அது இருக்காது.

பிக்கிள் போடும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கழித்த தோலுக்கு அமிலம் கொடுப்பதற்கு முன் உப்புக் கரைசல் கொடுப்பது கட்டாயம். உப்பு போதாத கரைசலில் அமிலம் சேர்ந்தால் தோல் தண்ணீரை இழுத்து ஊதிவிடும், நார் கெட்டுப்போகும், பிறகு அந்தத் தோலை முன்போல் ஆக்குவது முடியாத காரியம். சில ரெசிபிகளில் சாதா உப்போடு சோடியம் சல்பேட்டும் சேர்ப்பார்கள்.

அப்பா சொன்ன ஒரு விஷயம் இது. எந்த ஷாப் என்பது இங்கே வேண்டாம். வழக்கமாக வரும் நீரற்ற தூள் தீர்ந்துபோய், அவசரத்துக்குப் படிக உப்பு வாங்கி வந்தார்கள். பெயர் ஒன்றுதான், மூட்டை அளவும் ஒன்றுதான். டிரம் ஆள் வழக்கமான கிலோவையே நிறுத்துப் போட்டார். அமிலம் போனதும் தோல் ஊதிவிட்டது. நிறுத்துப் போட்டவர் மேல் பழி விழுந்து, கூலியில் பிடித்தார்கள். அவர் தராசில் ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை. மூட்டை மேலிருந்த ஆங்கிலச் சொல்லை அவருக்குப் படித்துச் சொல்ல யாரும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

அந்தக் கணக்கை நாம் போடுவோம். தோல் 1000 கிலோ, நீரற்ற சோடியம் சல்பேட் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

தேவையான உப்பு 50 கிலோ.
50 கிலோ டெகாஹைட்ரேட் போட்டால் கிடைக்கும் உப்பு 50 × 0.441 = 22 கிலோ. பாதிகூட இல்லை!
சரியாகப் போட வேண்டியது 50 ÷ 0.441 = 113.4 கிலோ.
அதோடு சேர்ந்து வரும் நீர் 113.4 – 50 = 63.4 கிலோ. டிரம்மில் விடும் தண்ணீரில் 63 லிட்டர் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு காவலும் உண்டு. அமிலம் ஊற்றுவதற்கு முன் பாமே மானியைக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்த்தால், உப்பு குறைவு என்று அது காட்டிக்கொடுத்துவிடும். மானியைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் அளவு குறைந்தால் ஏன் குறைந்தது என்று சொல்வதற்கு நம் கணக்கு வேண்டும்.

விலையிலும் இதே விளையாட்டு. விளக்கத்துக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம்: படிக உப்பு கிலோ 10 ரூபாய், நீரற்றது கிலோ 18 ரூபாய். எது மலிவு? 10 ரூபாய் என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். ஆனால் உண்மையான உப்பு ஒரு கிலோவுக்கு 10 ÷ 0.441 = 22.68 ரூபாய் ஆகிறது. மலிவு என்று நினைத்ததுதான் விலை கூடியது. லாரி வாடகை வேறு தண்ணீருக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிளாபர் உப்பு 32.4 டிகிரியைத் தாண்டினால் தன் படிக நீரிலேயே கசிந்து உருகத் தொடங்கும். வேலூர்ப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே கோடையில் குடோனில் மூட்டை ஈரமானால் கூரை ஒழுகியது என்று நினைக்க வேண்டாம். மாறாக, வறண்ட காற்றில் அதே படிகம் நீரை இழந்து வெள்ளைத் தூளாகும். இரண்டு விதத்திலும் மூட்டையின் உண்மையான சதவீதம் மாறிவிடுகிறது. பழைய மூட்டையை எடுத்தால் கொஞ்சம் எடுத்து உலர்த்தி எடை பார்த்துவிட்டுப் போடுவதே புத்திசாலித்தனம்.

"60 பெர்சன்ட்" சல்பைடு

முடி நீக்குவதற்குச் சுண்ணாம்போடு போடும் சோடியம் சல்பைடு செதில்களைப் பார்த்திருப்பீர்கள். மூட்டையில் 60 சதவீதம் என்று போட்டிருக்கும். மீதி என்ன, கலப்படமா? கணக்குப் போடுங்கள். சோடியம் சல்பைடு 78, 3 நீர் 54, மொத்தம் 132. நீர் 40.9 சதவீதம், சல்பைடு 59.1 சதவீதம். 60-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது! மீதி பெரும்பாலும் நீர்தான்.

இந்த உப்பை மட்டும் ஆய்வகத்தில் சூடாக்கிப் பார்க்க நினைக்காதீர்கள். இது தோலையும் கண்ணையும் அரிக்கும். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் என்று படித்திருக்கிறோம். ஆனால் அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. தோல் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டியில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்துபோன செய்திகளை நம் பகுதியில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒரு கிலோ செதிலில் சல்பைடு எத்தனை கிராம் என்று தெரிந்தவருக்குத்தான், தொட்டியில் எவ்வளவு வாயு கிளம்பக்கூடும் என்பதையும் கணக்கிட முடியும்.

தோலிலும் தண்ணீர் இருக்கிறது. தோலின் ஈரத்தைக் காண 102 டிகிரியில், எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துவார்கள். சூத்திரம் நம் சூத்திரம்தான். ஆனால் அது படிக நீர் அல்ல, எண்ணிக்கைக்குள் அடங்காத ஈரம். தேர்வில் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதினாலே ஆசிரியர் மகிழ்வார்.

பாலாறும் 180 டிகிரியும்

நம் பகுதி உப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் பாலாற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாக அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அப்போது ஒரே மாவட்டமாக இருந்த நம் பகுதி 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆனால் பாலாறு மூன்றுக்கும் ஒன்றுதான்.

அந்த வழக்கு முழுக்கப் பேசப்பட்டதில் ஒன்று கரைந்த உப்பின் அளவு. நம் மாநிலத்தில் கழிவு நீரில் கரைந்த திண்மங்களுக்கான வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். அதை அளப்பது எப்படி? வடிகட்டிய நீரை ஆவியாக்கி, மிஞ்சும் உப்பை உலர்த்தி, எடை போடுகிறார்கள். நம் புடக்குகைச் சோதனைதான்! 105 டிகிரியில் மட்டும் உலர்த்தினால் சில உப்புகளின் படிக நீரும், சிக்கிய நீரும் தங்கிவிடும். அதனால்தான் 180 டிகிரியில் உலர்த்துவது வழக்கம். அதிலும்கூட மக்னீசியம் சல்பேட்டின் கடைசி நீர் போகாது. அதற்கு 200 டிகிரிக்கு மேல் வேண்டும்.

இதனால் எவ்வளவு வித்தியாசம் வரும்? ஒரு லிட்டர் நீரில் கால்சியம் சல்பேட் 1360 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்வோம். 2 நீரும் போகாமல் ஜிப்சமாகவே தங்கினால் தராசு 1720 காட்டும். 360 மில்லிகிராம் தண்ணீர், உப்பு என்ற பெயரில் கணக்கில் ஏறிவிடும். வரம்புக்குள் இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்று முடிவு செய்யும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. அறிக்கை சரியா என்று பார்ப்பதற்கு, ஷாப்காரருக்கும் ஆற்றோரத்து விவசாயிக்கும் இந்த ஒரே கணக்குதான் சாட்சி.

இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடு முறையிலும் ஆவியாக்கிகளிலும் நீரைப் பிரித்தெடுத்துவிட்டு, சாதா உப்பும் சோடியம் சல்பேட்டும் கலந்த உப்பை மூட்டையாகக் கட்டி வைக்கிறார்கள். குரோம் பவுடரிலேயே கணிசமான அளவு சோடியம் சல்பேட் சேர்ந்து வருகிறது என்பது கவனிக்க வேண்டியது. இந்தக் கலப்புக் கரைசலை நன்றாகக் குளிர்வித்தால் கிளாபர் உப்பு மட்டும் படிகமாகப் பிரியும். 100 கிலோ சோடியம் சல்பேட் அப்படிப் பிரிந்தால் 227 கிலோ படிகமாக நிற்கும். உப்பு கூடவில்லை, தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இன்று குடோன்களில் தேங்கி நிற்கும் கலப்பு உப்பை என்ன செய்வது என்ற கேள்வி நம் தலைமுறைக்காகக் காத்திருக்கிறது. அதற்கு விடை தேடப் போகிறவர் முதலில் போட வேண்டியது இந்தச் சின்னக் கணக்கைத்தான்.

போட்டுப் பாருங்கள்

1. வெங்காரத்தில் 10 நீர். நீரற்ற வெங்காரத்தின் எடை 201.2 எனில் நீரின் சதவீதம் என்ன?
2. ரெசிபியில் நீரற்ற சோடா 4 கிலோ என்று உள்ளது. கையில் சலவை சோடாப் படிகம்தான் இருக்கிறது. எத்தனை கிலோ போட வேண்டும்? (நீரற்றது 106.)
3. எப்சம் உப்பு 4.92 கிராமைச் சுட்டபின் 2.40 கிராம் மிஞ்சியது. நீர் மூலக்கூறுகள் எத்தனை? (நீரற்றது 120.)

விடைகள்: 1) 47.2 சதவீதம். 2) 10.8 கிலோ. 3) ஏழு.

முடிவாக ஒரு வார்த்தை. தேர்வுக்காக இதைப் படித்தால் பத்து மதிப்பெண் கிடைக்கும். வேலைக்காகப் படித்தால், மூட்டை மேலே இருக்கும் ஒரு சொல்லைப் படித்து, பக்கத்தில் நிற்கும் டிரம் அண்ணனிடம் "இது அந்த உப்பு இல்லண்ணே, இரண்டேகால் மடங்கு போடணும்" என்று நேரத்தில் சொல்ல முடியும். ஒரு டிரம் தோலும் ஒருவர் கூலியும் மிஞ்சும். ஆகவே இனிமேல் இந்தக் கணக்கைச் சாய்ஸில் விடாதீர்கள்!

– இரண்டாம் ஆண்டு மாணவி, கெமிக்கல் என்ஜினியரிங் பிரிவு